யாரும் நடாத பாசித் தோட்டம்

வெயிலே விழாத இடத்தில் என்ன வைக்கலாம் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாறுதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானில் கியோட்டோவின் மேற்கு ஓரத்தில் சைஹோஜி என்றொரு பௌத்தக் கோயில். 1339-இல் முசோ சொசெகி என்ற ஜென் துறவி அதன் தோட்டத்தைத் திருத்தி அமைத்தார். குளம், தீவுகள், கல் அடுக்குகள் எல்லாம் உண்டு. இன்று உலகம் கொண்டாடும் பாசி மட்டும் அவர் திட்டத்தில் இல்லை. (குளத்தில் வழுக்கும் பாசியல்ல, மழைக்காலத்தில் மதில்மேல் வெல்வெட் போலப் படருமே, அது.) ஓனின் போரில் கோயில் எரிந்தது. பிறகு வெள்ளங்கள். மெய்ஜி காலத்தில் பராமரிக்கப் பணமில்லை. அந்தக் கவனிப்பற்ற நிழலிலும் ஈரத்திலும்தான் பாசி தானாகப் பரவியது என்கிறார்கள். இப்போது சுமார் 120 வகை!

பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. இலை வழியேதான் பெரும்பாலும் நீர் குடிக்கும். நம் கிணற்றுச் சுவரில் ஐப்பசியில் பச்சையாக இருப்பது சித்திரையில் கறுத்துக் கிடப்பது இதனால்தான்.

புகழ் வந்ததும் கூட்டம் வந்தது. 1977 முதல் முன்கூட்டியே அனுமதி பெற்றவர்களுக்கு மட்டுமே நுழைவு. உள்ளே போனாலும் முதலில் சூத்திரம் பார்த்து எழுத வேண்டும். என் வகுப்பில் இம்போசிஷன் எழுதியவர்கள் சிரிக்கலாம்.

கேட்ட கேள்விக்குப் பதில்: வெற்றிலைக்கொடி வையுங்கள். அதற்கும் நிழலும் ஈரமும்தான் பிடிக்கும்.