யூடெவ்: சிஸ்டம்டியிலிருந்து பிரித்துக் கட்டப்படும் கருவி மேலாளர்

யூடெவ் என்பது லினக்ஸ் இயங்குதளத்தின் கருவி மேலாளர். கணினியில் பென் டிரைவ், அச்சுப்பொறி, விசைப்பலகை போன்றவற்றைச் செருகும்போது, அவற்றுக்குரிய பெயரையும் அனுமதிகளையும் அமைப்பது இதன் பணி. தனி மென்பொருளாக வளர்ந்த யூடெவ், 2012இல் சிஸ்டம்டி என்னும் பெரிய துவக்க அமைப்புடன் இணைக்கப்பட்டது. அதன்பின் அதை மீண்டும் தனியே பிரித்துப் பயன்படுத்தப் பல முயற்சிகள் நடந்தன.

தோற்றம்

தொடக்கக் கால லினக்ஸில் 'டெவ்' என்ற அடைவில், இருக்கும் கருவிகளுக்கும் இல்லாத கருவிகளுக்கும் சேர்த்து ஏராளமான கோப்புகள் முன்கூட்டியே உருவாக்கப்பட்டிருந்தன. இதற்குத் தீர்வாக 2003இல் கிரெக் குரோவா-ஹார்ட்மன், கே சீவர்ஸ் முதலியோர் யூடெவ்வை உருவாக்கினர். புதிய கருவி வந்ததும் கருனி (கெர்னல்) ஒரு செய்தி அனுப்பும். யூடெவ் அதைப் பெற்று, விதிக் கோப்புகளின்படி செயல்படும்.

இணைப்பு

கணினி இயங்கத் தொடங்கும்போது முதலில் ஓடி, மற்றச் சேவைகளைத் தொடங்கி வைப்பது துவக்க அமைப்பு. 2010இல் லெனார்ட் பாட்டரிங், கே சீவர்ஸ் ஆகியோர் சிஸ்டம்டியை அறிமுகப்படுத்தினர். 2012 ஏப்ரலில் இரண்டின் மூல நிரல்களும் ஒன்றாக்கப்பட்டன. யூடெவ்வின் கடைசித் தனி வெளியீடு 182. அதுவரை 44ஆக இருந்த சிஸ்டம்டியின் பதிப்பு எண், அடுத்து 183ஆகத் தாவியது. சிஸ்டம்டி இல்லாத கணினிகளிலும் யூடெவ் இயங்கும் என்று அறிவிக்கப்பட்டாலும், அதைப் பெறப் பெரிய தொகுப்பு முழுவதையும் கையாள வேண்டியதாயிற்று.

இரண்டு வழிகள்

முதல் வழி கிளைத்தல். ஜென்டூ வழங்கலைச் சேர்ந்தவர்கள் 2012 டிசம்பரில் மூல நிரலைப் பிரித்து 'ஈயூடெவ்' என்ற கிளையைத் தொடங்கினர். ஆனால் மூலத்தில் வரும் ஒவ்வொரு திருத்தத்தையும் கிளையிலும் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்தச் சுமையைத் தாங்குவோர் குறைந்ததால், 2021இல் ஜென்டூ அதைக் கைவிடுவதாக அறிவித்தது. பின்னர் ஆல்பைன், டெவுவான் முதலிய வழங்கல்களைச் சேர்ந்தோர் அப்பணியை ஏற்றனர்.

இரண்டாவது வழி, மூலத்தை மாற்றாமல் தேவையான பகுதியை மட்டும் கட்டுவது. 'லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச்' நூலின் 7.2 பதிப்பு (2012) சிஸ்டம்டி 188இலிருந்து யூடெவ்வைப் பிரித்தெடுத்தது. இடையில் ஈயூடெவ்வைப் பயன்படுத்திய அந்நூல், 12.0 பதிப்பில் (2023) மீண்டும் முதல் முறைக்கே திரும்பியது. இம்முறையில் மெசான் என்ற கருவி முழுத் தொகுப்பையும் ஆயத்தம் செய்கிறது. பின்னர் நிஞ்சா என்ற கருவியிடம் யூடெவ் நிரல்களையும் நூலகத்தையும் மட்டும் கட்டச் சொல்ல வேண்டும். விதிக் கோப்புகளில் நம் கணினியில் இல்லாத பயனர் குழுக்கள் இருந்தால் அவற்றை மாற்ற வேண்டும். கணினியைத் துவக்கும் நிரல், யூடெவ்வை ஓடவிட்டு, ஏற்கெனவே இணைந்துள்ள கருவிகளுக்கான செய்திகளை மறுபடி அனுப்பச் செய்யவும் வேண்டும்.

தமிழ்நாட்டில்

சென்னையில் சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் பாஸும் நிறுவப்பட்டது. அதில் பென் டிரைவைச் செருகிய கடையத்து மாணவருக்கும் சென்னை மாணவருக்கும் பின்னணியில் உதவியது யூடெவ்தான். டெபியன் 2015இல் வெளியிட்ட 8ஆம் பதிப்பில் சிஸ்டம்டியை இயல்பான துவக்க அமைப்பாக்கியது. அதை ஏற்காதோர் தொடங்கியதே டெவுவான்.

முக்கியத்துவம்

மூல நிரலைப் பிரித்தெடுக்கும் உரிமையைக் கட்டற்ற உரிமம் அனைவருக்கும் தருகிறது. ஆனால் பிரித்ததை ஆண்டுதோறும் பராமரிக்கும் உழைப்பை உரிமம் தருவதில்லை. ஈயூடெவ் கைமாறியதும், லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச் பழைய முறைக்குத் திரும்பியதும் இதையே காட்டுகின்றன. தேர்வு செய்யும் சுதந்திரம் நிலைப்பது, அதற்காக உழைக்க முன்வருவோர் இருக்கும் வரைதான்.