தகவல் தந்தவர்

தோட்டத்துச் செக்ரோலில் அவருக்குக் கிடைத்த இடம் ஒரே ஒரு வரி. பெயர், ஆயா என்ற வேலை, அந்த மாதம் எத்தனை நாள் பேர் விழுந்தது, கையில் வாங்கிய சம்பளம், கடைசிக் கட்டத்தில் பெருவிரல் ரேகை. அவ்வளவுதான்.

ஜாசின் மாவட்டத்தில், ஆசகானை ஒட்டிய தோட்டம் அது. குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் இங்கே சொல்லவில்லை. ரப்பருக்கு அந்த வட்டாரம் பழைய பூமி. 1896-இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் முதன்முதலாக ரப்பர் நட்ட டான் சாய் யான், அடுத்துக் காடு அழித்தது ஆசகானில்தான். அவரைப் பற்றிப் புத்தகங்கள் பேசுகின்றன. நான் தேடியது அந்த மரங்களில் பால் வெட்டப் போனவர்களின் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவரை.

அந்தத் தோட்டத்துச் சனங்கள் இப்போது ஜாசின், மெர்லிமாவ், மலாக்கா டவுன் என்று தாமான்களில் சிதறிக் கிடக்கிறார்கள். யாரைக் கேட்டாலும், "ஆயாம்மா இல்லன்னா நாங்க ஏது?" என்பார்கள். என்ன செய்தார் என்று கேட்டால், "எல்லாந்தான் செஞ்சாங்க" என்பார்கள். அன்பு நிறைந்த பதில்தான். ஆனால் அதை வைத்து ஒரு வரலாறு எழுத முடியாது.

அச்சில் இருந்ததை முதலில் பார்த்தேன். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குள் ஒரே இனத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்கச் சொன்னது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைகளும் அந்தக் காலத்துச் சட்டங்களின் வழியே வந்தவைதான். சட்டம் கொட்டகையைச் சொல்லும். உள்ளே உட்கார்ந்திருந்தவளைச் சொல்லாது. பிறகு பழைய தமிழ் முரசு இதழ்கள். 1950-களில் அதன் ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது தோட்டத்து மக்கள் ஆளுக்கொரு வெள்ளியாகக் கொடுத்தார்கள். வீடு வீடாகப் போய் வசூல் பண்ணிக் கொடுத்தது ஆயாம்மாதான் என்று இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள். கண்ணில் பட்ட பட்டியல்களில் அவர் பெயர் அகப்படவில்லை.

துப்பு கிடைத்தது அவருடைய மகள் வீட்டில். தகரப்பெட்டியின் அடியில் அந்த மகளின் பிறப்புப் பத்திரம் இருந்தது. நாலாக மடித்த மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் ஒட்டுத்தாள் போட்ட தாள். ஊதா மை மங்கியிருந்தாலும் தகவல் தந்தவர் என்ற கட்டத்தில் ஆயாம்மாவின் பெயர் தெளிவாகவே இருந்தது. சொந்த மகளுக்குத் தாயே பதிந்தது ஆச்சரியமில்லை. மறு வாரம் வேறொரு விஷயமாக அந்தத் தோட்டத்துக்காரர் ஒருவரிடம் பேசப் போனேன். அவர் தம் பத்திரத்தை எடுத்துக் காட்டினார். தகப்பனார் வேறு, தாயார் வேறு. தகவல் தந்தவர் ஆயாம்மா! அதன்பின் வீடு வீடாக அந்த ஒரு கட்டத்தைத்தான் பார்த்தேன். ஏழு குடும்பத்துத் தாள்களில் அதே பெயர், அதே ரேகை.

அந்தக் கட்டத்தில் யார் வேண்டுமானாலும் இடம்பெற முடியாது. பெற்றோர், வீட்டுக்குடையவர், பிரசவத்தின்போது உடனிருந்தவர் என்று சட்டம் வரையறுத்திருந்தது. நான் பார்த்த தாள்களில், பிரசவத்தின்போது உடனிருந்தவர் என்றே குறித்திருந்தார்கள். ஆக, லயத்தில் வலி எடுத்த வீட்டில் ராத்திரி விழித்திருந்ததும் அவரே, பிறகு போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்ததும் அவரே. கிராமப்புறங்களில் அன்று பிறப்பு பதிவது ஸ்டேஷனில்தான். தகப்பன் போனால் ஒரு நாள் பேர் போய்விடும். ஆயாம்மா, வெட்டுக்காரர்கள் திரும்பிப் பிள்ளைகளை வாங்கிக்கொண்ட பிறகு, மத்தியானத்துக்கு மேல் கிளம்புவாராம்.

ஏன் இவ்வளவு பாடு? மகள் சொன்னார்: "அப்பாவை சயாமுக்குப் புடிச்சிட்டுப் போனாங்க. திரும்பல. எங்க செத்தாரு, எப்ப செத்தாருன்னு ஒரு தாள் கெடையாது. அதுலேர்ந்து அம்மாவுக்குத் தாள்னா உசுரு." 1942-43-இல் மலாயாவிலிருந்து ஜப்பானியரால் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் 70,000-க்கும் மேல்; பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். கணவர் போனபின் கைக்குழந்தையோடு நின்ற பெண் ஆயாம்மா. மகளை வளர்த்தது அந்த ஆயா சம்பளத்தில்தான்.

மலாக்காவில் அந்தத் தாளுக்கு இருந்த மதிப்பைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மலாக்கா அன்று, பினாங்கைப் போல, நேரடி பிரிட்டிஷ் குடியேற்றம். 1948-ஆம் ஆண்டுக் கூட்டரசு ஒப்பந்தப்படி, இந்த இரண்டு இடங்களில் பிறந்த பிரிட்டிஷ் பிரஜைகள் நிரந்தரமாக இங்கேயே வசித்தால் தாமாகவே குடிமக்கள். எல்லை தாண்டிய தங்காக்கில், அதாவது ஜொகூரில், பிறந்த தமிழ்ப்பிள்ளைக்கு அவ்வளவு சுலபமாகக் குடியுரிமை கிடைக்கவில்லை. இந்தச் சட்ட நுணுக்கம் ஆயாம்மாவுக்குத் தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. எந்தத் தாள் எப்போது கைகொடுக்கும் என்று தெரியாமலே ஒவ்வொன்றையும் வாங்கி வைத்தார். அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1968-இல் வந்த சட்டம் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட்டைக் கட்டாயமாக்கியது. சிவப்பு ஐ.சி. வைத்திருந்த ஆயிரக்கணக்கான தோட்டத்துக் குடும்பங்கள் பெட்டி கட்டின. ரஜுலா கப்பலில் ஏறி, தாங்கள் பார்த்தேயிராத நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் போனவர்கள் உண்டு. நான் தாள் பார்த்த ஏழு குடும்பங்களிலும் அந்தப் பிள்ளைகள் நீல ஐ.சி. எடுத்தார்கள். ஒருவரும் கப்பலேறவில்லை. ஒருவர் சொன்னார்: "ஆபீஸ்ல பத்திரம் எங்கன்னு கேட்டாங்க. நீட்டினேன். அதோட முடிஞ்சது."

தேடல் இன்னும் நடக்கிறது. ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களில் பிறந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களுடைய பழைய பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். தகவல் தந்தவர் கட்டத்தில் தாய் தகப்பன் அல்லாத ஒரு பெண்ணின் பெயர் இருந்தால், அவர் யார், எந்த லயத்தில் இருந்தார் என்று கேட்டு, தேதி போட்டு எழுதி வையுங்கள். தாளை லாமினேட் மட்டும் பண்ணிவிடாதீர்கள்; ரேகை மை அந்தச் சூட்டில் கெட்டுப்போகலாம்.