மெக்கானிக்காக இருந்து விமானியான ஜூல் வெத்ரீன்

விமானத்தின் வரலாறு என்றதும் நாம் ரைட் சகோதரர்களைச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். வகுப்பிலும் அப்படித்தான். இன்று ஜூல் வெத்ரீன் என்ற பிரெஞ்சுக்காரரைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

1881இல் பாரிஸுக்குப் பக்கத்தில், தொழிலாளர்கள் நிறைந்த சென் தெனியில் பிறந்தவர். அந்தக் காலத்து விமானிகளில் பலர் பணக்காரர்கள், இல்லாவிட்டால் படை அதிகாரிகள். இவரோ மெக்கானிக். 1910இல் ரொபர்ட் லொரேன் என்ற ஆங்கில நடிகரின் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அந்த வருடம் டிசம்பரிலேயே தானும் விமானி உரிமம் எடுத்துவிட்டார். அடுத்த மே மாதம் பாரிஸ் - மத்ரித் பந்தயம். மத்ரித் வரை போய்ச் சேர்ந்தது இவர் ஒருவர்தான்!

ஆனால் நாம் சொல்ல வந்தது அவர் தோற்ற பந்தயத்தை. 1911 ஜூலையில் பிரித்தானியாவைச் சுற்றி 1,010 மைல் பறக்க வேண்டும், பரிசு 10,000 பவுண். கடைசியில் போட்டி இரண்டு பிரெஞ்சுக்காரர்களுக்கு இடையில்தான். மற்றவர் போமோன் என்ற பெயரில் பறந்த கடற்படை அதிகாரி கொன்னோ. வரைபடத்தையும் திசைகாட்டியையும் வைத்து வழி பிடிப்பது அவருக்குத் தொழிலோடு வந்த பயிற்சி. வெத்ரீனுக்கு அப்படியொரு படிப்பு கிடைக்கவில்லை. இருபத்து மூன்றரை மணித்தியாலம் பறந்து, சுமார் 70 நிமிட வித்தியாசத்தில் தோற்றார். துணிச்சலில் அவருக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. கைவேலை தெரிந்த, ஆனால் படிக்க வாய்ப்புக் கிடைக்காத எத்தனை பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம்!

அவர் சோர்ந்துபோகவில்லை. 1912 பெப்ரவரியில் மணிக்கு 100 மைல் வேகத்தைத் தாண்டிய முதல் விமானி ஆனார். செப்டம்பரில் சிக்காகோவில் கோர்டன் பெனட் கிண்ணத்தை வென்றார். 1913 கடைசியில் பிரான்ஸிலிருந்து இஸ்தான்புல், பெய்ரூத், யாஃபா வழியாகக் கெய்ரோவுக்கே பறந்து போனார். அவர் யாஃபாவில் இறங்கியபோது பலஸ்தீன் இன்னும் உஸ்மானியர் ஆட்சியில்தான் இருந்தது.

1919 ஜனவரியில் பாரிஸில் கலரி லஃபாயெத் கடையின் மொட்டை மாடியில் விமானத்தை இறக்கினார். விமானம் நொறுங்கியது. 25,000 பிராங்க் பரிசும் கிடைத்தது, பொலிஸ் அபராதமும் விழுந்தது.

மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 21, ரோமுக்குப் புறப்பட்ட விமானம் வழியில் விழுந்தது. அப்போது அவருக்கு வயது 37. கூடப் போய் உயிரிழந்தவரும் ஒரு மெக்கானிக்.