காஞ்சி முதல் மாரிக்குப்பம் வரை: தமிழ்ப் பௌத்தத்தில் மனமும் துன்ப நீக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகத்தில் எழுந்த பௌத்த மறுமலர்ச்சி, பெரும்பாலும் சாதி எதிர்ப்பு, அடையாள மீட்பு ஆகிய நோக்கிலேயே ஆராயப்பட்டு வந்துள்ளது. மனத்தின் இயல்பு குறித்தும் அன்றாடத் துன்பத்தைத் தணிக்கும் வழி குறித்தும் அவ்வியக்கம் கொண்டிருந்த பார்வை போதிய கவனம் பெறவில்லை. மணிமேகலை விளக்கும் காரணக் கோட்பாட்டையும் அயோத்திதாசர், இலட்சுமி நரசு ஆகியோரின் சிந்தனையையும் ஒருங்கு வைத்து நோக்கும் இக்கட்டுரை, அகத்துன்பமும் சமூகத் துன்பமும் தமிழ்ப் பௌத்தத்தில் ஒரே காரண ஆய்வு முறையின் இரு முகங்களாக அமைந்தன என நிறுவ முயல்கிறது. வாலாஜாபேட்டையை உள்ளடக்கிய வடஆர்க்காட்டுப் பகுதியும், அதன் மக்கள் உழைக்கச் சென்ற கோலார் தங்கவயலும் இவ்வாய்வின் களங்களாகும்.

திறவுச்சொற்கள்: தமிழ்ப் பௌத்தம், அயோத்திதாசர், மணிமேகலை, சார்பிற்றோற்றம், வடஆர்க்காடு, கோலார் தங்கவயல்.

முன்னுரை

ஆர்க்காட்டு நவாபு முகமது அலி வாலாஜாவின் பெயரால் வழங்கும் வாலாஜாபேட்டை, பாலாற்றுச் சமவெளியில் காஞ்சிபுரத்திற்கும் வேலூருக்கும் இடையே அமைந்துள்ளது. தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி 1856 சூலை 1இல் இராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து சேர்ந்தது இவ்வூரை ஒட்டிய நிலையத்திற்கே. பின்னர் அப்பாதை காட்பாடி, சோலார்பேட்டை வழியாக நீண்டு 1864இல் பெங்களூரை எட்டியது. 1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து (இன்றைய பங்காருப்பேட்டை) தங்கவயலின் மாரிக்குப்பத்திற்குக் கிளைப்பாதை அமைந்தது. 1880களில் ஜான் டெய்லர் நிறுவனத்தின் மேலாண்மையில் விரிவடைந்த தங்கச் சுரங்கங்களுக்கு வடஆர்க்காடு, சேலம் மாவட்டங்களின் ஒடுக்கப்பட்ட மக்கள் பெருந்தொகையினராகச் சென்றனர். ஊரில் தங்கியோரில் பலருக்கு உழவுக் கூலியும், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் வளர்ந்த தோல் பதனிடும் தொழிலும் வாழ்வாதாரமாயின.

இப்பாதையின் கிழக்கு முனையருகில் உள்ள காஞ்சி, மணிமேகலை அறம் கேட்ட நகரம். அதன் மேற்கு முனையில் உள்ள மாரிக்குப்பம், நவீனத் தமிழ்ப் பௌத்தம் வலுவாக வேரூன்றிய இடம். இவ்விரண்டையும் இணைக்கும் கருத்துத் தொடர்ச்சி யாது என்பதே இக்கட்டுரையின் வினா.

மணிமேகலையில் மனத்தின் இலக்கணம்

மணிமேகலையின் இறுதிக் காதைகள் தமிழில் கிடைக்கும் விரிவான பௌத்த உளவியல் பகுதிகளாகும். முப்பதாவது காதையில் அறவண அடிகள் பன்னிரு சார்புகளை விளக்குகிறார். அவை பேதைமையில் தொடங்கி வினைப்பயனில் முடிவன. இவற்றுள் அன்றாட வாழ்வில் ஒவ்வொருவரும் தம்முள்ளேயே கண்டறியத்தக்க பகுதி நடுவில் உள்ளது. வாயில் எனப்படும் பொறிகள் புறப்பொருளோடு கூடுவது ஊறு. அதனால் விளையும் இன்ப துன்ப உணர்ச்சி நுகர்வு. நுகர்ந்ததை மீண்டும் நாடுவது வேட்கை. நாடியதை விடாது பிடித்துக்கொள்வது பற்று. இவற்றுள் ஊறும் நுகர்வும் உயிர் வாழும் எவருக்கும் தவிர்க்க இயலாதவை. நுகர்வு வேட்கையாக மாறும் இடத்திலேயே மனிதரின் விழிப்புக்கும் முயற்சிக்கும் வாய்ப்பு உள்ளது. எனவே துன்ப நீக்கம் என்பது உணர்ச்சியற்றுப் போவதன்று. உணர்ச்சிக்கும் பற்றுக்கும் இடைப்பட்ட கண்ணியை அறிந்து அறுப்பதாகும்.

தீவினைகளைக் காப்பியம் பத்தாக வகுக்கிறது. கொலை, களவு, காமம் ஆகிய மூன்றும் உடலின்பாற்பட்டவை. பொய், குறளை, கடுஞ்சொல், பயனில்சொல் ஆகிய நான்கும் சொல்லின்பாற்பட்டவை. வெஃகல், வெகுளல், பொல்லாக் காட்சி ஆகிய மூன்றும் உள்ளத்தின்பாற்பட்டவை. தவறான பார்வையையும் ஒரு தீவினையாகவே எண்ணியிருப்பது குறிப்பிடத்தக்கது. மேலும் காமம், வெகுளி, மயக்கம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி மாற்று கூறப்படுகிறது. நிலையாமை, துன்பம், ஆன்மா இன்மை, தூய்மை இன்மை ஆகியவற்றை எண்ணுதல் பற்றுக்கு மருந்து. மைத்திரி, கருணை, முதிதை ஆகியவற்றை வளர்த்தல் சினத்திற்கு மருந்து. கேட்டல், சிந்தித்தல், பாவித்தல், தெளிதல் ஆகியவை மயக்கத்திற்கு மருந்து. நோய்க்குத் தக்க மருந்து என்னும் இவ்வமைப்பு, பௌத்தம் மனத்தை மருத்துவ நோக்கில் அணுகியதைக் காட்டுகிறது.

இவ்வுளவியல் காப்பியத்தில் எந்த இடத்தில் வைக்கப்பட்டுள்ளது என்பதும் எண்ணத்தக்கது. மணிமேகலை முதலில் அமுதசுரபியால் பசி தீர்க்கிறாள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குகிறாள், வறட்சியுற்ற காஞ்சிக்கு வந்து அங்குள்ளோருக்கும் உணவளிக்கிறாள். அதன் பின்னரே அவள் அறவண அடிகளிடம் அறம் கேட்கிறாள். உண்டியும் உறையுளும் கிட்டாதோரிடம் மனப்பயிற்சி பேசும் நூலன்று மணிமேகலை. பசித்துன்பமும் பற்றுத்துன்பமும் அதில் தனித்தனியே அறியப்படுகின்றன. ஒன்றன் இடத்தில் மற்றொன்று வைக்கப்படவில்லை.

1898: இரு நிகழ்வுகள்

1898ஆம் ஆண்டு தமிழ்ப் பௌத்த வரலாற்றில் இரு வகையில் சிறப்புடையது. உ.வே. சாமிநாதையர் மணிமேகலையை அரும்பதவுரையுடன் பதிப்பித்து, புத்த சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் பற்றிய பகுதிகளையும் அதனுடன் சேர்த்து வெளியிட்டது அவ்வாண்டில்தான். சித்த மருத்துவரும் தமிழறிஞருமான அயோத்திதாசர் (1845–1914), கர்னல் ஆல்காட்டுடன் கொழும்பு சென்று ஹிக்கடுவே சுமங்கல நாயக்க தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றதும், திரும்பி வந்து சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியதும் அதே ஆண்டில்தான். முன்னது நூலை மீட்டது; பின்னது நூல் கூறிய நெறியை வாழ்வில் மீட்க முயன்றது.

1907 சூன் 19இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழ் தொடங்கியது; மறு ஆண்டில் அது 'தமிழன்' எனப் பெயர் மாறியது. மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், பெங்களூர், திருப்பத்தூர், ஹூப்ளி, செகந்திராபாத் ஆகிய ஊர்களிலும், கடல் கடந்து இரங்கூன், டர்பன் ஆகிய இடங்களிலும் சங்கக் கிளைகள் தோன்றின. அயோத்திதாசரின் மறைவுக்குப் பின் சிறிது காலத்தில் நின்றுபோன 'தமிழன்', 1926இல் ஜி. அப்பாத்துரையாரை ஆசிரியராகக் கொண்டு கோலார் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. வடஆர்க்காட்டு உழைப்பாளர் சென்று குடியேறிய இடமே இயக்கத்தின் அச்சு மையமும் ஆயிற்று.

அயோத்திதாசரின் சிந்தனையில் புலனடக்கமும் வரலாறும்

அயோத்திதாசரின் 'புத்தரது ஆதிவேதம்' 1912இல் நூல் வடிவம் பெற்றது. பாலி நூல்களின் மொழிபெயர்ப்பாக அன்றி, தமிழ் இலக்கியங்கள், நிகண்டுகள், செவிவழி மரபுகள் ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு இயன்ற நூல் அது. ஐம்புலன்களை வென்றமையால் புத்தர் இந்திரர் எனப்பட்டார் என்றும், இந்திரர் பெயரால் இந்நாடு இந்தியா எனப்பட்டது என்றும் அவர் விளக்கினார். சொற்பிறப்பியல் நோக்கில் இவ்விளக்கம் இன்று ஏற்கத்தக்கதன்று. ஆயினும் அதன் கருத்தமைப்பு ஆழமானது. ஒரு நாட்டின் பெயருக்கே புலனடக்கத்தை வேராகக் கண்ட அவர், குடிமையின் அடிப்படையைப் பிறப்பிலிருந்து மன ஒழுக்கத்திற்கு இடம்பெயர்த்தார்.

இதன் விளைவு சாதி பற்றிய விளக்கத்தில் தெளிவாகிறது. இழிநிலையை முற்பிறவி வினையின் பயனாகக் கருதும் வழக்கத்தை அயோத்திதாசர் ஏற்கவில்லை. தீண்டாமைக்கு வரலாற்றில் ஒரு தொடக்கம் உண்டு என்றும், பூர்வ பௌத்தர்களே பகைமையால் தாழ்த்தப்பட்டனர் என்றும் அவர் வாதிட்டார். அவர் காட்டிய வரலாற்று நிகழ்வுகள் பலவும் விவாதத்திற்குரியவை. ஆனால் அவர் கையாண்ட வினா முறை பௌத்தத்திற்கு உரியது. இது எதனால் தோன்றியது, எது நீங்கின் இது நீங்கும் என்னும் சார்பிற்றோற்ற வினாவையே அவர் சாதியின் மீதும் எழுப்பினார். காரணத்தால் தோன்றியது எதுவும் காரணம் நீங்கின் நீங்கும் என்பது துன்பத்திற்கு மட்டுமன்றித் தீண்டாமைக்கும் பொருந்துவதாயிற்று.

தோல் தொழிற் பகுதியை முன்வைத்து இதனை மேலும் நோக்கலாம். தோலைக் கையாள்பவரிடம் தீட்டு உள்ளது என்பது சாதியக் கருத்து. பத்துத் தீவினைகளின் வகுப்பை அளவுகோலாகக் கொள்ளின், தீது தோலைத் தொடும் கையில் இல்லை. அக்கையை இழிவாக நோக்கும் உள்ளத்தின் வெகுளலிலும் பொல்லாக் காட்சியிலும் உள்ளது. நோயாளி யார் என்பதே இங்கு மாறிவிடுகிறது. ஒடுக்கப்பட்டோர் தம்மைத் தாமே இழிவாக எண்ணும் மனப்பழக்கத்திலிருந்து விடுபட இத்தகைய பார்வை இன்றியமையாதது.

சுரங்கத்தின் வாழ்வும் பஞ்சசீலமும்

கோலார் சுரங்கங்கள் காலப்போக்கில் 3 கி.மீ.க்கும் மேற்பட்ட ஆழத்தை அடைந்தன. பாறை வெடிப்பு, கடும் வெப்பம், தூசியால் வரும் நுரையீரல் நோய் ஆகியவை தொழிலாளரின் அன்றாட இடர்களாக இருந்தன. உடற்களைப்புக்கும் அச்சத்திற்கும் மாற்றாகச் சாராயம் பரவியிருந்தது. இச்சூழலில் கள்ளுண்ணாமையை உள்ளடக்கிய பஞ்சசீலம் வெறும் சமய உறுதிமொழியாக நின்றுவிடவில்லை. கூலி வீட்டுக்குச் சென்று சேர்வதும், குடும்பத்தில் சண்டை குறைவதும், பிள்ளைகள் பள்ளி செல்வதும் அதனோடு பிணைந்திருந்தன. வேட்கை பற்றாக மாறும் கண்ணியைத் துண்டிக்க வேண்டும் என்னும் கோட்பாடு, சம்பள நாள் மாலையில் சோதிக்கப்படும் ஒழுக்கமாயிற்று.

சங்கங்களின் வாராந்திரக் கூட்டங்கள், வைசாகக் கொண்டாட்டம், பௌத்த முறையிலான திருமணம், ஈமச் சடங்கு ஆகியவையும் இவ்வகையில் நோக்கத்தக்கன. பிறர் முன்னிலையில் சீலம் ஏற்பதும், இறப்பின்போது நிலையாமையைச் சொல்லி ஆறுதல் பெறுவதும் தனிமனிதரின் மனத்தைக் கூட்டு வாழ்வின் துணையோடு நிலைப்படுத்தின. மனப்பயிற்சி இங்குத் தனித்திருந்து செய்யும் தியானமாக அமைவதைவிட, கூடிக் கேட்டுச் சிந்திக்கும் பழக்கமாகவே மிகுதியும் அமைந்தது. காப்பியம் மயக்கத்திற்கு மருந்தாகக் கூறிய கேட்டலும் சிந்தித்தலும் இதழ் வாசிப்பாகவும் சொற்பொழிவாகவும் புது வடிவம் கொண்டன.

இலட்சுமி நரசுவும் அம்பேத்கரும்

சென்னையில் அறிவியல் பேராசிரியராக விளங்கிய பொ. இலட்சுமி நரசு (1861–1934) 1907இல் 'பௌத்தத்தின் சாரம்' என்னும் பொருள்படும் ஆங்கில நூலை வெளியிட்டார். உடல் விட்டு உடல் பாயும் ஆன்மா ஒன்று இல்லை என்பதை வலியுறுத்திய அவர், பௌத்தத்தைப் பகுத்தறிவுக்கும் நவீன உளவியலுக்கும் இயைந்த அறநெறியாக விளக்கினார். சாதியை ஆராய்ந்தும் அவர் தனி நூல் எழுதினார். மனத்தின் இயல்பை ஆராய்ந்தவரே சாதியின் இயல்பையும் ஆராய்ந்தார் என்பது தற்செயலன்று. அவரது நூலை 1948இல் அம்பேத்கர் தம் முன்னுரையுடன் மறுபதிப்புச் செய்தார்.

அம்பேத்கரின் 'புத்தரும் அவர் தம்மமும்' 1957இல் வெளிவந்தது. வாழ்வு முழுவதும் துன்பமே எனக் கொள்ளின் மக்களுக்கு நம்பிக்கை எங்கே என்னும் ஐயத்தை அதன் முன்னுரையில் எழுப்பி, நான்கு வாய்மைகளின் மரபான வடிவத்தையே அவர் கேள்விக்கு உட்படுத்தினார். துன்பத்தை அகத்துக்கு மட்டும் உரியதாக்கினால் அநீதி தப்பிவிடும் என்பது இவ்வினாவின் உட்பொருள். தமிழ்ப் பௌத்தர்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே வேறு வழியில் இதே சிக்கலை எதிர்கொண்டிருந்தனர்.

இன்றைய பொருத்தம்

1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய பயிற்சி முறை, பௌத்த விழிப்புணர்வை மன அழுத்தம் தணிக்கும் மருத்துவமாக உலகெங்கும் பரப்பியது. அதன் பயன் மறுக்கத்தக்கதன்று. எனினும் அது சங்கம், சீலம், சமூகக் காரணம் ஆகியவற்றிலிருந்து மனப்பயிற்சியைப் பெரிதும் பிரித்தெடுத்தது. வேலூர்ப் பகுதியின் வரலாறு இப்பிரிப்பின் எல்லையைக் காட்டுகிறது. தோல் கழிவால் பாலாற்றுப் படுகை மாசுற்றது தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தபோது, மாசுபடுத்தியோரே இழப்பீடு தர வேண்டும் என்னும் கொள்கையை உறுதி செய்தது. கிணற்று நீர் கெட்டுப்போன உழவருக்கு அத்துன்பம் வேட்கையால் வந்ததன்று. பிறரது பேராசையால் வந்த துன்பத்தை, துன்புறுவோரின் மனப்பயிற்சியால் மட்டும் தீர்க்கச் சொல்வது காரணத்தைத் தவறாக அறிவதாகும். பௌத்த மொழியில் கூறின் அதுவே பேதைமை.

முடிவுரை

தமிழ்ப் பௌத்தம் துன்பத்திற்கு ஒரே காரணத்தைக் கூறவில்லை. காரணம் தேடும் முறையையே அளித்தது. பற்றினால் வந்த துன்பத்திற்கு மனப்பயிற்சியும், பசியால் வந்த துன்பத்திற்கு உணவும், சாதியால் வந்த துன்பத்திற்குச் சாதி நீக்கமும் அம்முறையின்படி மருந்தாகின்றன. மணிமேகலையில் உணவளித்தலும் அறம் கேட்டலும் அடுத்தடுத்து அமைந்ததைப் போலவே, மாரிக்குப்பத்திலும் திருப்பத்தூரிலும் சீலம் ஏற்றலும் உரிமை கோரலும் ஒருங்கே நிகழ்ந்தன. ஆகவே இவ்வியக்கத்தை அடையாள அரசியலாக மட்டும் வாசிப்பதும், பௌத்தத்தை மன அமைதி தரும் உத்தியாக மட்டும் வாசிப்பதும் நிறைவற்றவை. 'தமிழன்' இதழ்த் தொகுதிகளை இந்நோக்கில் மீண்டும் வாசிப்பதும், வடஆர்க்காட்டிலும் தங்கவயலிலும் வழங்கும் பௌத்தக் குடும்ப நினைவுகளைக் களப்பணி வழியே தொகுப்பதும் அடுத்த கட்ட ஆய்வுக்கு உரியன.