ரமளான் ஆணையும் முஹர்ரம் ஆணையும்: உஸ்மானியர் பட்ட கடன்

உஸ்மானியப் பேரரசின் நிதி வரலாற்றில் இரண்டு அரசாணைகள் இஸ்லாமிய மாதங்களின் பெயராலேயே வழங்குகின்றன. 1875 அக்டோபரில் வெளியான ரமளான் ஆணை, வெளிநாட்டுக் கடனை முழுமையாகச் செலுத்த இயலாது என்று அறிவித்தது. 1881 டிசம்பரில் வெளியான முஹர்ரம் ஆணை, அரசின் வருவாய்களில் சிலவற்றைக் கடன் கொடுத்தோரின் கையிலேயே ஒப்படைத்தது. 1854 வரை ஐரோப்பியச் சந்தையில் கடன் திரட்டியிராத ஒரு பேரரசு, இருபத்தேழே ஆண்டுகளில் இந்நிலைக்கு வந்தது எங்ஙனம்?

அதற்கு முன்னும் அரசு கடன்படாமல் இல்லை. வரிவசூலைக் குத்தகைக்கு விட்டு முன்பணம் பெறுவது நெடுங்கால வழக்கம். 1775 முதல் ‘எஸ்ஹாம்’ என்ற பெயரில் வருவாய்ப் பங்குகள் விற்கப்பட்டன. கலாத்தா வட்டாரத்து வட்டிக்கடைக்காரர்களும் அரசுக்குக் கைகொடுத்தனர். ஆயினும் இவை யாவும் உள்நாட்டுக் கொடுக்கல் வாங்கல்களே.

கிரிமியப் போரின் செலவு அந்த எல்லையைத் தகர்த்தது. 1854இல் 30 லட்சம் பவுண்டுக்குப் பத்திரங்கள் வெளியிடப்பட்டன. வட்டி நூற்றுக்கு 6. ஆனால் 100 பவுண்டுப் பத்திரம் 80 பவுண்டுக்கே விற்றது. ஆகவே உண்மை வட்டி நூற்றுக்கு ஏழரை ஆயிற்று. எகிப்து செலுத்திவந்த திறைப்பணம் இதற்கு ஈடாக வைக்கப்பட்டது. பின்வந்த கடன்களுக்குச் சுங்கமும் பிற வரிகளும் ஒவ்வொன்றாக ஈடாயின. கிடைத்த பணத்தில் பெரும்பகுதி போருக்கும், கப்பற்படைக்கும், அரண்மனைகளுக்கும், பழைய கடனின் தவணைக்குமே சென்றது. வருவாயைப் பெருக்கும் பணிகளுக்குச் சென்றது சிறுபகுதியே.

1873இல் வியன்னாப் பங்குச்சந்தை வீழ்ந்தபோது புதுக்கடன் கிடைப்பது அரிதாயிற்று. அனத்தோலியாவைப் பஞ்சம் வாட்டியது. 1875இல் ஹெர்ஸகோவினாவில் கலகம் மூண்டது. அவ்வாண்டில் கடனின் முகமதிப்பு ஏறத்தாழ 20 கோடி பவுண்டு. ஆண்டுத் தவணையே அரசின் வரவில் பாதிக்கு மேல். ரமளான் ஆணைப்படி வட்டியில் பாதி பணமாகவும் மறுபாதி புதுப் பத்திரங்களாகவும் தரப்பட வேண்டும். மறு ஆண்டில் அதுவும் நின்றுபோயிற்று.

முஹர்ரம் ஆணை கடனின் அளவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. அதற்கு விலையாக உப்பு, புகையிலை, முத்திரைத்தாள், மதுபானம், மீன், பட்டு ஆகிய ஆறு இனங்களின் வருவாய், பத்திரதாரர்களின் பேராளர்கள் எழுவர் அடங்கிய ‘பொதுக்கடன் நிருவாக’த்திற்குச் சென்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் ஊழியர்கள் ஏறத்தாழ 9,000 பேர். அரசின் நிதியமைச்சகத்திலும் அத்தனை பேர் இல்லை.

இங்கே ஊன்றிக் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அந்நிருவாகத்தின் கைக்கு வந்தபின் அவ்வருவாய்கள் பெருகின. பூர்ஸாவில் பட்டுப்புழு வளர்ப்பு விஞ்ஞான முறையில் கற்பிக்கப்பட்டது. கணக்குகள் ஒழுங்காக வெளியிடப்பட்டன. அதே உப்பு, அதே பட்டு, அதே குடிமக்கள்! மாறியது வசூல் முறை மட்டுமே. பேரரசிடம் வளம் இல்லாமற் போகவில்லை. அவ்வளத்தைக் குத்தகைதாரர் இடையில் உறிஞ்சாமல் கருவூலம் சேர்க்கும் ஆற்றலே இல்லாமற் போயிற்று. ஆனால் அந்நியர் கொணர்ந்த ஒழுங்கைக் கருணை எனக் கொள்வதற்கில்லை. பெருகிய வருவாய் முதலில் பத்திரதாரர்க்கே உரியதாயிற்று. புகையிலை ஏகபோகம் 1883இல் ‘ரெஜீ’ நிறுவனத்திடம் சென்றபின், அதன் காவலர்களுக்கும் உழவர்களுக்கும் இடையே குருதி சிந்தும் மோதல்கள் நிகழ்ந்தன.

முதல் உலகப்போருக்குப் பின் பேரரசு மறைந்தது, கடன் மறையவில்லை. 1923ஆம் ஆண்டின் லோசான் உடன்படிக்கை அதனைத் துருக்கிக்கும் பேரரசிலிருந்து பிரிந்த நாடுகளுக்கும் பங்கிட்டது. துருக்கி தன் கடைசித் தவணையைச் செலுத்தியது 1954இல், அதாவது முதற்கடன் வாங்கிய நூறாவது ஆண்டில்.

ஒரு நாட்டின் கடன் தாங்கத்தக்கதா என்பதை அதன் தொகையை மட்டும் கொண்டு அளந்துவிட முடியாது. அப்பணம் எதற்குச் செலவாயிற்று, எவ்வருவாய் அதற்கு ஈடாயிற்று, அவ்வருவாயை நேர்மையாகத் திரட்டும் நிருவாகம் உண்டா என்ற மூன்று வினாக்களையும் சேர்த்தே கேட்க வேண்டும். தன் வரியைத் தானே செம்மையாகத் திரட்டாத அரசுக்காகப் பிறர் வந்து திரட்டுவர் என்பதே உஸ்மானியக் கருவூலம் விட்டுச்சென்ற பாடம்.