கம்பெனிக்காரர் தேடிப்போன மின்திருக்கை

கீழ்பென்னாத்தூரிலிருந்து செஞ்சிக்குப் போகும் வழியெல்லாம் 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் படைகள் புழங்கிய பூமி. செஞ்சிக் கோட்டை 1750-இல் பிரெஞ்சுக்காரர் வசமானது. 1761-இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அந்தப் போர்க்காலத்தில் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்குச் சம்பளப் பட்டுவாடா பார்த்தவர் ஜான் வால்ஷ். 1726-இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலேயே பிறந்தவர். பிறகு கம்பெனித் தளபதி ராபர்ட் கிளைவின் அந்தரங்கச் செயலராக வங்காளம் போய், பெரும் பணத்தோடு இங்கிலாந்து திரும்பினார். நம் வரலாற்று நூல்கள் அவரை அத்தோடு விட்டுவிடுகின்றன. நரம்பியல் வரலாறு அதன் பிறகுதான் அவரைத் தேடி வருகிறது.

நரம்புக்குள் ஓடுவது என்ன? ஏதோ நுண்ணிய ஆவி என்று கிரேக்க வைத்தியர் கேலன் நாளிலிருந்து நம்பிவந்தார்கள். மின்சாரமாக இருக்கலாமோ என்று சிலர் ஐயப்பட்டபோது, அப்படியானால் அது பக்கத்துச் சதைக்குள் கசிந்துவிடாதா என்று சுவிஸ் உடலியலாளர் ஹாலர் மறுத்தார். நியாயமான கேள்விதான்.

1772-இல் வால்ஷ் பிரான்சின் லா ரோஷேல் கடற்கரைக்குப் போனார். தொட்டால் கையை மரத்துப்போக வைக்கும் திருக்கை மீன் அங்கே வலையில் கிடைக்கும். அப்படி மரத்துப்போக வைப்பது மின்சாரம்தானா என்று பார்க்க, ஈரத்துணி மேல் உயிருள்ள மீனைக் கிடத்தினார். இன்னொரு மேசையில் தண்ணீர்க் கிண்ணங்கள். சுற்றி நின்ற ஐந்து பேரும் அடுத்தடுத்த கிண்ணங்களில் விரல்களை நனைத்துக்கொண்டார்கள். இரண்டு பித்தளைக் கம்பிகள் அந்த வரிசையை மீனோடு இணைத்தன. சுற்று முழுமையானதும் ஐந்து பேருக்கும் ஒரே நொடியில் விரலில் சுரீரென்றது. கம்பிக்குப் பதில் மின்சாரம் கடத்தாத கண்ணாடியை வைத்தால் ஒன்றுமில்லை. மீன் ஒன்றரை நிமிடத்தில் 40, 50 முறைகூட அதிர்ச்சி தந்தது. ஒவ்வொரு முறையும் அதன் கண்கள் உள்ளே அமுங்கின.

அந்தக் கண்களைக் கவனித்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மேகத்து மின்னலுக்கு விருப்பம் கிடையாது. இந்த மீனோ முயன்று, வேண்டும்போது மின்சாரத்தை விடுகிறது. அதன் கண்கள் காட்டிக்கொடுத்த உண்மை இது. மீனின் உடலைக் கூறிட்டுப் பார்த்த உடற்கூறியலாளர் ஜான் ஹண்டர், தேனடை போல அடுக்கிய தூண்களால் ஆன இரண்டு உறுப்புகளையும், அவற்றுக்குள் புகும் அசாதாரணப் பருமனுள்ள நரம்புகளையும் கண்டார். அத்தனை நரம்பு எதற்கு? மின்சாரத்தை ஏவுவது நரம்புதான் என்ற எண்ணத்துக்கு அங்கே பிடிமானம் கிடைத்தது.

மின்திருக்கைகள் வால்ஷ் பிறந்த கோட்டைக்கு எதிரே விரியும் வங்கக்கடலிலும் உண்டு. தரங்கம்பாடியில் கிடைத்த ஒரு வகை 1801-இல் விலங்கியல் நூலில் பதிவானது.

திருக்கை ஆராய்ச்சிக்காக லண்டன் ராயல் சொசைட்டி வால்ஷுக்குக் கோப்ளி பதக்கம் தந்தது. ஆனாலும், ‘மின்சாரமென்றால் மின்பொறி எங்கே?’ என்ற கேள்வி அவரை விடவில்லை. தென்னமெரிக்காவின் கயானாவிலிருந்து வந்த மின்விலாங்குகளை லண்டனில் வைத்து, வெள்ளீயத்தாளில் மெல்லிய பிளவு போட்டு, 1776-இல் அந்தப் பிளவில் பொறி பாய்வதைப் பலருக்குக் காட்டினார். நரம்பு மின்சாரம் பற்றிய கால்வானியின் தவளைக்கால் ஆய்வு இத்தாலியில் நூலாக வெளிவந்தது அதற்குப் பிறகு, 1791-இல்தான்.