கானப்பேரெயில்

கானப்பேரெயில் என்பது சிவகங்கை மாவட்டம் காளையார்கோவிலில் இருந்த சங்ககாலக் கோட்டை ஆகும். எயில் என்பது மதிலைக் குறிக்கும். தேவாரத்தில் இவ்வூர் திருக்கானப்பேர் எனப்படுகிறது. வேங்கைமார்பன் என்னும் குறுநில மன்னனிடமிருந்து பாண்டியன் உக்கிரப்பெருவழுதி இக்கோட்டையைக் கைப்பற்றினான். ஐயூர் மூலங்கிழார் பாடிய புறநானூற்று 21ஆம் பாடல் இவ்வெற்றியைப் போற்றுகிறது. ஆழ்ந்த அகழி, உயர்ந்த மதில், கதிரவன் ஒளி புகாத காவற்காடு ஆகியன அதில் கூறப்பட்டுள்ளன.

திருமயம் போன்ற மலைக்கோட்டைகளுக்குப் பாறையே காவல். இதுவோ சமவெளிக் கோட்டை. ஆகவே காடு இதன் முதல் அரணாயிற்று. பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னும் அக்காட்டின் பயன் குறையவில்லை. 1801இல் மருது சகோதரர்களின் தளமாக விளங்கிய காளையார்கோவிலை அடைய, கும்பினிப் படை சிறுவயலிலிருந்து காட்டை வெட்டிப் பாதை அமைக்க முயன்றது. ஏறத்தாழ ஒரு மாதம் உழைத்தும் இயலாமல் அம்முயற்சி கைவிடப்பட்டது. பின்னர் வேறு வழியாக வந்த படை அக்டோபர் 1 அன்று ஊரைப் பிடித்தது. அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர்.

சங்ககாலக் கோட்டை இருந்த இடமாகக் கருதப்படுவது, ஊரில் பாண்டியன் கோட்டை என வழங்கும் மண்மேடு ஆகும். பாடலில் வரும் நெடுமதிலைத் தேடிச் செல்வோர் ஏமாற்றமடைவர். மேட்டைச் சூழ்ந்த அகழியின் தடமும் பழைய பானை ஓடுகளுமே அங்குக் காணப்படுகின்றன.